பழகாத கணினித் தளம்: ஐரோப்பாவின் இரு நிறுவனங்கள் கண்ட மாற்றம்

அலுவலகமொன்றில் எழுதுகோலை மாற்றுதல் எளிது. பேரேட்டின் அமைப்பை மாற்றுதல் அத்துணை எளிதன்று. பேரேடு மாறினால் அதில் எழுதும் லிகிதரின் கைப்பழக்கம் மாறவேண்டும்; அதனைப் பார்வையிடும் கணக்கரின் கண் மாறவேண்டும்; அதனை நம்பி முடிவு செய்யும் மேலதிகாரியின் எதிர்பார்ப்பும் மாறவேண்டும். கணினி அலுவலகத்துட் புகுந்த பின்னர் இவ்வுண்மை மேலும் வலுப்பெற்றது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் இரு பெரும் அரச நிறுவனங்கள் தாம் நெடுநாட் பழகிய கணினித் தளத்தைக் கைவிட்டு, பழகாத தளமொன்றுக்குச் செல்லத் துணிந்தன. ஒன்று பிரான்சு தேசத்தின் ஜென்டார்மரி என்னும் காவற்படை. மற்றொன்று ஜேர்மனியின் மியூனிக் மாநகர சபை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வகையான மென்பொருளைத் தேர்ந்தெடுத்தன. ஆயினும் முன்னது இன்றும் அத்தளத்தின் மீதே நிற்கின்றது. பின்னதோ பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின் பழைய தளத்துக்கே மீளத் தீர்மானித்தது. இவ்வேறுபாட்டின் காரணங்களை ஆராய்தல், கணினியை நம்பி நடக்கும் எந்த நிறுவனத்துக்கும் பயன் தருவதாகும்.

முதலில் இரண்டு சொற்களின் பொருளைத் தெளிந்துகொள்ளல் நன்று. கணினி ஒன்றின் திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி, நினைவகம் ஆகிய யாவற்றையும் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளுக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. அதன் மேல் நின்று கடிதம் எழுதவும், கணக்கிடவும், மின்னஞ்சல் அனுப்பவும், இணையத்தைப் பார்வையிடவும் உதவுவன பிரயோக மென்பொருள்கள். வீட்டின் அத்திவாரத்தை ஒத்தது முன்னது. அறைகளையும் அடுக்களையையும் ஒத்தவை பின்னவை. குடியிருப்போர் அத்திவாரத்தை நாள்தோறும் காண்பதில்லை. ஆனால் அடுக்களையில் உப்புச் சாடி இடம் மாறியிருப்பின் அதனை அக்கணமே அறிவர். தளத்தை மாற்றுவோர் பெரும்பாலும் அத்திவாரத்தைப் பற்றியே சிந்திப்பர். அவர்களுக்குக் கீழ்ப் பணிபுரிவோர் உப்புச் சாடியைப் பற்றியே முறையிடுவர். இனி வரும் இரு வரலாறுகளிலும் இவ்விரு நோக்குகளும் மாறி மாறித் தோன்றுவதைக் காணலாம்.

1990களின் இறுதியில் உலகின் அலுவலகக் கணினிகளுட் பெரும்பாலானவை அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் முறைமையிலேயே இயங்கின. கடிதங்களும் கணக்குகளும் அதே நிறுவனத்தின் அலுவலக மென்பொருளில் உருவாயின. ஒவ்வொரு கணினிக்கும் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவரும்போது பழைய பதிப்புக்கான பராமரிப்பு நிறுத்தப்படும். பராமரிப்பு நின்ற முறைமையிற் காணப்படும் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படுவதில்லை. ஆகவே, பழைய பதிப்பு தன் தேவைக்குப் போதுமானதாயினும் அலுவலகம் புதியதை வாங்கியே தீரவேண்டிய நிலை ஏற்படும். தன் கணினிகளை எப்போது மாற்றுவது என்பதை நிறுவனம் தானே முடிவு செய்வதில்லை. விற்பவரே முடிவு செய்கின்றார். இந்த நிலையே பலரை மாற்றுவழி தேடத் தூண்டியது.

மாற்றுவழி ஒன்று அதற்கு முன்னரே உருவாகத் தொடங்கியிருந்தது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள முறைமை ஒன்றைப் படைக்கப் போவதாக அறிவித்து, குனூ என்னும் திட்டத்தை ஆரம்பித்தார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததனால் முழுமையான பணிசெயல் முறைமை ஒன்று உலகுக்குக் கிடைத்தது. அதனைப் பலர் பலவாறு தொகுத்து வழங்கினர். டெபியன் என்பது அத்தகைய தொகுப்புகளுள் ஒன்று. 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த உபுண்டு, டெபியனை அடியாகக் கொண்டு எழுந்த பிறிதொன்று.

அத்திவாரம் மட்டும் இருந்தாற் போதாது. அதன் மேல் அறைகளும் வேண்டும். ஜேர்மனியின் ஸ்டார் டிவிசன் என்னும் நிறுவனம் உருவாக்கிய அலுவலக மென்பொருளை 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சன் நிறுவனம் விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டில் அதன் மூலநிரலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஓப்பன் ஒபிஸ் என்னும் பெயரில் அது வளர்ந்தது. சன் நிறுவனத்தை ஒராக்கிள் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் தன்னுட் சேர்த்துக்கொண்ட பின்னர், அதனை உருவாக்கிவந்தோருட் பலர் பிரிந்து சென்று லிப்ரே ஒபிஸ் என்னும் கிளையைத் தொடக்கினர். இணையத்தைப் பார்வையிடும் பயர்பொக்ஸ் என்னும் உலாவியின் முதலாம் பதிப்பு 2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் கிடைத்தது. இம்மூன்று மென்பொருள்களுக்கும் பொதுவான சிறப்பொன்றுண்டு. அவை லினக்சிலும் இயங்கும்; விண்டோசிலும் இயங்கும். இது சிறிய செய்தி போலத் தோன்றினும், பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோலாகும்.

பிரான்சின் ஜென்டார்மரி, இராணுவ ஒழுங்குக்கு உட்பட்ட காவற்படை. பெருநகரங்களைப் பொலிசார் காக்க, நாட்டுப்புறங்களையும் சிறு நகரங்களையும் இப்படையினர் காக்கின்றனர். தேசமெங்கும் 4,000க்கும் மேற்பட்ட இடங்களில் அவர்தம் நிலையங்கள் பரந்துள்ளன. முறைப்பாடு ஒன்றை எழுதிக்கொள்ளல், விபத்தொன்றைப் பற்றி அறிக்கை தயாரித்தல், வாக்குமூலத்தைப் பதிதல் ஆகியன அங்கு நாள்தோறும் கணினியில் நிகழும் பணிகள். 2004ஆம் ஆண்டு வரை இப்படை ஆண்டொன்றுக்கு 12,000 முதல் 15,000 வரையான மைக்ரோசொப்ட் உரிமங்களை வாங்கி வந்தது. அச்செலவைக் குறைக்கும் வழியைத் தேடிய அதிகாரிகள், பணிசெயல் முறைமையில் முதலிற் கைவைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2005ஆம் ஆண்டில் அவர்கள் ஓப்பன் ஒபிசைத் தேர்ந்தெடுத்தனர். கணினிகள் விண்டோசிலேயே இயங்கின. கடிதம் எழுதும் மென்பொருள் மட்டும் மாறியது. அந்த ஆண்டில் அவர்கள் வாங்கிய மைக்ரோசொப்ட் உரிமங்களின் எண்ணிக்கை 27 மாத்திரமே. 2006ஆம் ஆண்டில் பயர்பொக்சும் தண்டர்பேர்டும் ஏறத்தாழ 70,000 கணினிகளில் இடம்பெற்றன. இவற்றோடு, படையின் உள்ளகப் பணிகளுக்குரிய மென்பொருள்கள் பல, உலாவியின் வழியே இயங்கத்தக்கனவாக அமைக்கப்பட்டன. உலாவியில் இயங்கும் மென்பொருளுக்கு அடியிலுள்ள முறைமை யாதாயினும் வேறுபாடில்லை. இவ்வாறு ஓரிரு ஆண்டுகளில், நிலையத்திலிருந்த அலுவலர் நாள்தோறும் தொட்டுப் பழகும் மென்பொருள்கள் யாவும் எந்தத் தளத்திலும் இயங்கத்தக்கனவாய் மாறிவிட்டன. அத்திவாரம் மாறப்போகின்றது என்பதை அப்போது எவரும் உணர்ந்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை.

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் விஸ்டா என்னும் புதிய விண்டோஸ் பதிப்பைப் பொதுச் சந்தைக்கு விட்டது. ஜென்டார்மரி அப்போது எக்ஸ்பி என்னும் முந்திய பதிப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. விஸ்டாவுக்குச் செல்வதாயினும் படையினருக்குப் பயிற்சி அளித்தே ஆகவேண்டும். உபுண்டுவுக்குச் செல்வதாயினும் பயிற்சி வேண்டும். இருவழியிலும் உழைப்பு உண்டெனில், உரிமக் கட்டணமில்லாத வழியைத் தேர்வதே முறையன்றோ? 2008ஆம் ஆண்டு ஜனவரியில் தன் கணினிகளை உபுண்டுவுக்கு மாற்றும் திட்டத்தைப் படை பகிரங்கமாக அறிவித்தது. முதலாண்டில் 5,000 முதல் 8,000 வரையான கணினிகளே மாற்றத்துக்கு உட்படும் என்றும், ஏனையவை அடுத்துவரும் ஆண்டுகளிற் படிப்படியாகச் சேரும் என்றும் திட்டம் வகுக்கப்பட்டது. பழுதுற்ற பழைய கணினிகளுக்குப் பதிலாக வாங்கப்படும் புதியவை, புதிய முறைமையோடு நிலையத்துக்கு வந்து சேர்ந்தன.

இத்திட்டத்தைப் பற்றி 2009ஆம் ஆண்டில் விளக்கமளித்த லெப்டினன்ட் கேணல் சேவியே கிமார், எக்ஸ்பியிலிருந்து உபுண்டுவுக்குச் செல்வது மிக இலகுவாயிருந்ததென்றும், இரண்டுக்கும் உள்ள பெரும் வேறுபாடுகள் திரைச் சின்னங்களும் விளையாட்டுகளுமே என்றும், விளையாட்டுகள் படையின் முதன்மைத் தேவையல்ல என்றும் கூறினார். நகைச்சுவை கலந்த இக்கூற்றுக்குள் ஆழ்ந்த உண்மை இருக்கின்றது. வேறுபாடுகள் அத்துணை சிலவாய் இருந்தமைக்குக் காரணம், ஏனைய வேறுபாடுகள் யாவும் மூன்றாண்டுகளுக்கு முன்னரே கடக்கப்பட்டிருந்தமைதான். 2004ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 5 கோடி யூரோ மிச்சப்பட்டதெனப் படை மதிப்பிட்டது.

ஆயினும் இப்பயணம் விரைவாக முடிந்ததென எண்ணுதல் தவறு. 2013ஆம் ஆண்டில் உபுண்டுவில் இயங்கிய கணினிகள் 37,000. கணினியை வாங்கி, நடத்தி, பராமரிக்கும் மொத்தச் செலவில் ஏறத்தாழ 40 வீதம் குறைந்ததாக அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டளவில் பத்திற் எட்டுப் பங்குக்கு மேற்பட்டவை மாறியிருந்தன. 2024ஆம் ஆண்டில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதமானவை, ஜென்ட்புண்டு எனப் பெயரிடப்பட்ட படைக்குரிய தொகுப்பில் இயங்கின. எஞ்சிய சிலவற்றில், மாற்று மென்பொருள் கிடையாத சிறப்புப் பணிகளின் பொருட்டு விண்டோஸ் நீடித்தது. நூற்றுக்கு நூறு வீதமே வேண்டும் என்று எவரும் பிடிவாதம் செய்யவில்லை. ஓப்பன் ஒபிசில் தொடங்கி இந்நிலையை எய்துவதற்குச் சென்ற காலம் பத்தொன்பது ஆண்டுகள்.

இனி மியூனிக் மாநகருக்கு வருவோம். ஜேர்மனியின் தென்பாலுள்ள பவேரியா மாநிலத்தின் தலைநகராகிய அந்நகரின் சபை, 2000களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 14,000 கணினிகளை வைத்திருந்தது. அவை விண்டோஸ் என்டி 4 என்னும் பதிப்பில் இயங்கின. அப்பதிப்புக்கான பராமரிப்பு முடிவுறப்போகின்றது என்ற நிலை வந்ததும், அடுத்து எவ்வழி செல்வது என்ற வினா சபையின் முன் எழுந்தது. சபை செய்வித்த ஆய்வு இரு வழிகளையும் ஒப்புநோக்கியது. பணத்தை மட்டும் கணக்கிடின் விண்டோஸ் வழியே மலிவானது; நீண்டகால நலனையும் பிறரைச் சாராமையையும் சேர்த்துக் கணக்கிடின் லினக்ஸ் வழியே மேலானது என்பது அதன் முடிவாயிற்று.

இத்தகைய மாநகர் ஒன்று கைநழுவிப்போவதை விற்பனையாளர் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் போல்மர், சுவிற்சர்லாந்தில் தாம் கழித்துக்கொண்டிருந்த பனிச்சறுக்கு விடுமுறையை இடைநிறுத்தி மியூனிக்குக்கு வந்து, மேயர் கிறிஸ்டியன் ஊடேயைச் சந்தித்தார். விலைக்குறைப்பும் முன்வைக்கப்பட்டது. எனினும் அவ்வாண்டு மே 28ஆந் திகதி சபை லினக்சின் பக்கமே வாக்களித்தது. 2004ஆம் ஆண்டு யூன் 16ஆந் திகதி விரிவான திட்டத்துக்கும் இசைவு கிடைத்தது. லிமுக்ஸ் என்று அத்திட்டத்துக்குப் பெயரிட்டனர். உலகின் பத்திரிகைகள் அதனைப் பெருஞ் செய்தியாக வெளியிட்டன. ஜென்டார்மரி ஆரவாரமின்றிக் கடித மென்பொருளில் தொடங்கியதற்கு மாறாக, மியூனிக் தளத்தின் மாற்றத்தையே முதலிற் பறைசாற்றிற்று என்பது இங்கே குறிக்கத்தக்கது.

அறிவிப்புக்கும் செயலுக்கும் இடையே காலம் சென்றது. 2004ஆம் ஆண்டு ஓகஸ்டில், ஐரோப்பாவில் மென்பொருளுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் வரக்கூடும் என்ற அச்சத்தினால் கேள்விப்பத்திரங் கோரும் பணி சில காலம் தாமதித்தது. 2005ஆம் ஆண்டில் டெபியன் தொகுப்பு அடிப்படையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே முதற் கணினிகள் மாறின. இதற்கிடையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. மாநகரின் பல பகுதிகளிலும் இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கணினிப் பிரிவுகள் இயங்கிவந்தன. ஒவ்வொரு பிரிவும் தன் விருப்பப்படி கணினிகளை அமைத்து, தனக்கு வேண்டிய மென்பொருள்களை நிறுவியிருந்தது. ஓரிடத்திற் பொருந்திய தீர்வு மற்றோரிடத்திற் பொருந்தவில்லை. மாநகருக்கு ஒரே கணினி அமைப்பு இருந்ததென எல்லோரும் எண்ணியிருந்தனர். உண்மையில் இருபது அமைப்புகள் இருந்தன.

அதனினும் பெரிய இடர் ஆவணங்களில் இருந்தது. வரிக் கடிதம், அனுமதிப் பத்திரம், விண்ணப்பப் படிவம் என ஆயிரக்கணக்கான மாதிரிப் படிவங்கள் பழைய மென்பொருளில் அமைக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பலவற்றில், முகவரியைத் தானே நிரப்புதல், தொகையைத் தானே கூட்டுதல் போன்ற சிறு கட்டளைத் தொடர்கள் பொதிந்திருந்தன. அக்கட்டளைகள் புதிய மென்பொருளில் இயங்கா. ஆதலின், மாநகரின் மென்பொருளாளர் வொல்முக்ஸ் என்னும் துணை மென்பொருளைத் தாமே ஆக்கினர். கடிதத் தலைப்புகளையும் படிவங்களையும் ஓப்பன் ஒபிசுக்குள் ஒழுங்குபடுத்துவது அதன் பணி. 2008ஆம் ஆண்டில் அதன் மூலநிரலையும் பிறர் பயன்படுத்துமாறு திறந்துவிட்டனர். ஒரே வேலைக்கெனப் பல பிரிவுகளில் வெவ்வேறாக இருந்த படிவங்களை ஒன்றாக்கிக் குறைக்கவும் இம்முயற்சி உதவிற்று. இப்பணி லினக்சுக்காகச் செய்யப்பட்டதெனினும், எந்தத் தளத்துக்கும் வேண்டிய பணியே ஆகும்.

மியூனிக்கும் தன் அனுபவத்தினால் ஜென்டார்மரியின் வழியையே பெருமளவு பின்பற்றலாயிற்று. பெரும்பாலான மேசைகளில் ஓப்பன் ஒபிசும் பயர்பொக்சும் தண்டர்பேர்டும் விண்டோசின் மீதே முதலில் இடம்பெற்றன; லினக்ஸ் அதன் பின்னரே வந்தது. டெபியனுக்குப் பதிலாகப் பின்னர் உபுண்டு அடிப்படையாயிற்று. 2013ஆம் ஆண்டின் இறுதியில் 14,800க்கும் மேற்பட்ட கணினிகள் மாறியிருந்தன. முதலிற் குறிக்கப்பட்ட இலக்கு 12,000. இலக்கை விஞ்சிய வெற்றி இது. மாநகருக்கு ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சப்பட்டதென மேயர் ஊடேயின் நிருவாகம் 2012ஆம் ஆண்டில் அறிவித்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் செய்வித்த ஆய்வொன்று அக்கணக்கை மறுத்தது. மாநகர சபை அம்மறுப்பை ஏற்கவில்லை.

இவ்வாறு நிறைவெய்திய திட்டம் நான்காண்டுகளுக்குள் கைவிடப்பட்டமைக்குக் காரணம் யாது? 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் ஊடே பதவியினின்று நீங்க, அவருடைய கட்சியைச் சேர்ந்தவரேயாகிய டீட்டர் ரைட்டர் மேயரானார். புதிய நிருவாகம் கணினிகளைப் பற்றிய முறைப்பாடுகளுக்குச் செவிசாய்த்தது. மின்னஞ்சலும் நாட்காட்டியும் ஒருங்கே இயங்கவில்லை. கைத்தொலைபேசிக்கு மின்னஞ்சல் வசதி கிடைக்கத் தாமதமாகின்றது. வெளியாரிடமிருந்து வரும் ஆவணங்கள் வடிவங் குலைந்து தோன்றுகின்றன என்பன போன்ற குறைகள் கூறப்பட்டன. இவற்றுள் மூன்றாவது, புதிய மென்பொருளோடு நேரே தொடர்புடையதுதான். முதலிரண்டும் மின்னஞ்சற் சேவையகத்தையும் நிருவாக ஒழுங்கையும் சார்ந்தவை. ஆயினும் மேசையின் முன் அமர்ந்திருந்த உத்தியோகத்தருக்கு இவ்வேறுபாடு தெரியவேண்டிய நியாயமில்லை. அவர் கண்ட மாற்றம் ஒன்றே. ஆதலின் அவர் பழி சுமத்தியதும் அவ்வொன்றின் மீதே.

2016ஆம் ஆண்டில் அக்சென்சர் நிறுவனம் உள்ளிட்ட ஆலோசகர்கள் மாநகரின் கணினித் துறையை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தனர். பல பிரிவுகளாகச் சிதறிக் கிடந்த நிருவாக அமைப்பின் குறைகளை அது சுட்டியது. அத்துடன் விண்டோசையும் மைக்ரோசொப்டின் அலுவலக மென்பொருளையும் துறைகளுக்கு வழங்கலாம் என்றும் கூறியது. அதே ஆண்டில் மைக்ரோசொப்ட் தன் ஜேர்மனித் தலைமையகத்தை அயலூரிலிருந்து மியூனிக் நகருக்குள் மாற்றியதும் பலரால் எடுத்துப் பேசப்பட்டது. ஆயினும் அதுவே காரணம் என நிறுவ இடமில்லை. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்டோஸ் தளத்தை மீண்டும் அமைக்கும் திட்டத்துக்குச் சபை வழிவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் முடிவை உறுதி செய்தது. அப்போது மாநகரிலிருந்த ஏறத்தாழ 29,000 கணினிகளை விண்டோஸ் 10க்கு மாற்றுவதற்கு மதிப்பிடப்பட்ட செலவு 4 கோடியே 93 இலட்சம் யூரோ. அந்த விண்டோஸ் 10க்கான பொதுப் பராமரிப்பும் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி முடிவுற்றது. என்டி 4இன் முடிவு 2003ஆம் ஆண்டில் எழுப்பிய வினா, இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் வேறொரு பெயரோடு மீண்டும் வாசலில் வந்து நின்றது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கின், லினக்ஸ் வென்றது என்றோ தோற்றது என்றோ கூறுதல் பொருந்தாது. முறைமை இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டவை அதனைச் சூழ்ந்திருந்த ஒழுங்குகளே. முதலாவது வேறுபாடு, பொறுப்பு எத்தனை கைகளில் இருந்தது என்பது. ஜென்டார்மரியின் கணினித் துறை ஒரே கட்டளையின் கீழ் இயங்கியது. பாரிசின் அருகே தீர்மானிக்கப்பட்ட அமைப்பு, மலைநாட்டுச் சிற்றூர் நிலையத்திலும் மாறாது விளங்கியது. மியூனிக்கில் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே இணங்கவைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வேறுபாடு, மாற்றத்தின் பெயர். பிரான்சில் மாற்றம் ஒரு சிக்கன நடவடிக்கையாகவே தொடர்ந்தது. எந்த அரசியல்வாதியின் பெயரும் அதனோடு ஒட்டவில்லை. மியூனிக்கில் லிமுக்ஸ் ஒரு கொடியாயிற்று. கொடியை ஏற்றியவர் அகன்றதும், அதனை இறக்குவது எளிதாயிற்று.

மூன்றாவது வேறுபாடே மிக நுண்ணியது. மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு வந்தால், குறை ஒன்று தோன்றும்போது அது எதனால் விளைந்தது என்பதை அறிந்துகொள்ளலாம். ஓப்பன் ஒபிசினால் வந்த இடர் 2005ஆம் ஆண்டிலேயே தெரிந்து, திருத்தப்பட்டு, மறக்கப்பட்டும் போயிற்று; உபுண்டு வந்தபோது அதன்மீது பழைய பழி விழவில்லை. முறைமை, படிவங்கள், நிருவாகச் சீர்திருத்தம் ஆகிய யாவும் ஒரே திட்டத்தின் பெயரால் நடைபெறும்போது, எல்லாக் குறைகளும் அப்பெயருக்கே சென்று சேரும். மியூனிக்கில் நிகழ்ந்தது இதுவே. ஒழுங்கான வரிசை இன்றியமையாதது. ஆனால் அதனை நெடுங்காலம் காத்து நிற்கும் பொறுப்புமிக்க அமைப்பு இல்லையெனில், வரிசை மட்டும் போதாது.

விட்டுச் சென்ற மியூனிக்கின் அனுபவம் வீண்போனதெனக் கருதுதலும் முறையன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மாநகரின் புதிய ஆளுங் கூட்டணி, இயலுமிடமெல்லாம் திறந்த தரங்களையும் திறந்த மூல மென்பொருளையும் பயன்படுத்துவதெனத் தன் உடன்படிக்கையில் எழுதிற்று. ஜேர்மனியின் வடகோடியிலுள்ள சிலேஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசாங்கம், ஏறத்தாழ 30,000 பணியிடங்களில் லிப்ரே ஒபிசை நியமமாக்கும் முடிவை 2024ஆம் ஆண்டு ஏப்ரிலில் அறிவித்தது. அங்கும் கடித மென்பொருள் முதலாவது, மின்னஞ்சல் அடுத்தது, லினக்ஸ் அதற்குப் பின்னரே. 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில் மின்னஞ்சல் மாற்றம் நிறைவுற்றதென அம்மாநிலம் தெரிவித்தது. பிரெஞ்சுக் காவற்படை இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த பாதையை, மியூனிக்கின் பாடத்தையும் கையிற்கொண்டு, பிறர் நடக்கத் தொடங்கியிருக்கின்றனர்.

இவை யாவற்றிலும் பணமே முதன்மையானதெனத் தோன்றலாம். அதனினும் மேலான பொருளொன்றுண்டு. பிறப்பைப் பதிந்த பத்திரம், காணியின் உறுதி, குற்றத்தின் சாட்சியம், பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றை அரசாங்கம் தனக்காக அன்றி மக்களுக்காகவே காத்து வைத்திருக்கின்றது. ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளை ஒருவர் தன் பாட்டனாரின் பத்திரத்தைத் தேடிவரும்போது, அதனைத் திறப்பதற்குரிய மென்பொருள் ஒரு நிறுவனத்தின் விருப்பத்தை நம்பி இருத்தல் ஆகாது. இதற்காகவே ஓடிஎப் எனப்படும் திறந்த ஆவண வடிவம் 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் நியமமாக வெளியிடப்பட்டு, 2006ஆம் ஆண்டில் அனைத்துலக நியமமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் இலக்கணம் எவர்க்கும் திறந்திருக்கின்றது. எந்த நாட்டின் மென்பொருளாளரும் அதனைப் படித்து, ஆவணத்தைத் திறக்கும் மென்பொருளை ஆக்கலாம். எந்தத் தளத்தில் நிற்பதாயினும், ஆவணங்களைத் திறந்த வடிவத்தில் எழுதிவைக்கும் நிறுவனம் பின்னொரு நாளில் விரும்பிய தளத்துக்குச் செல்லும் உரிமையைக் காத்துக்கொள்கின்றது.

ஆகவே, பழகாத கணினித் தளத்துக்குச் செல்ல எண்ணும் அலுவலகமோ பாடசாலையோ முதலிற் கேட்கவேண்டிய வினா, எந்த முறைமை சிறந்தது என்பதன்று. தன் பணியாளர் நாள்தோறும் எவ்வேலைகளைச் செய்கின்றனர், அவற்றுள் எவை எந்தத் தளத்திலும் இயங்கும் மென்பொருளால் இயலும், எவை இயலா என்பதை ஓர் ஏட்டில் எழுதிப் பார்த்தல் வேண்டும். இயலுவனவற்றைப் பழைய தளத்தின் மீதே முதலில் மாற்றிப் பழக்கவேண்டும். இயலாத சிலவற்றுக்குப் பழைய கணினி ஒன்றிரண்டை விட்டுவைப்பதில் இழுக்கில்லை. படிவங்களைக் குறைத்து ஒழுங்காக்கவேண்டும். குறை கேட்கவும் திருத்தவும் பொறுப்பான ஒருவர் எக்காலமும் இருக்கவேண்டும். இவ்வளவும் நிறைவேறிய பின்னர் அத்திவாரத்தை மாற்றினால், வீட்டிலிருப்போர் காலையில் எழுந்து அடுக்களைக்குச் செல்லும்போது, உப்புச் சாடி அதனதன் இடத்திலேயே இருக்கக் காண்பர்.